கற்பனைத் துப்பறிவாளர்களின் நினைவுப்பொருள்கள்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

மந்தைவெளி வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் என் தாய்மாமாவின் வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு தபால்தலை ஆல்பம் கிடைத்தது. மாமா ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில் அஞ்சல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; வெளிநாட்டுத் தலைகளைச் சேர்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால், அவர் எடுத்து வைத்திருந்த தலைகளில் ஷெர்லாக் ஹோம்ஸ் இருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. நிகரகுவா நாட்டின் பக்கத்தில் மொத்தம் 11 தலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு துப்பறிவாளர். ஹோம்ஸ் தலையில் ஒட்டு விட்டுப்போயிருந்ததால் இடுக்கியால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். வெறும் பசையை எதிர்பார்த்த இடத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற பொடி எழுத்தில் ஸ்பானிஷ் மொழியில் ஒரு பத்தியே அச்சாகியிருந்தது.

மாவட்ட மைய நூலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பில் ஹோம்ஸ் கதைகளைப் படித்து வளர்ந்தவன் நான். பிறகு ஆங்கிலத்திலும் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இந்த ஆல்பத்தைக் கண்டதிலிருந்து, துப்பறிவாளர்களைப் பற்றிய பொருள்களைச் சிறிய அளவில் சேர்க்கலாமே என்ற ஆசை பிடித்துக்கொண்டது. மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் இதற்கென்று ஒதுக்க இயலாது. இணையக் கடைகளில் தேடினால் காதுமடல் வைத்த தொப்பி, வளைந்த புகைக்குழாய், உருப்பெருக்கிக் கண்ணாடி, காபிக் கோப்பை, குளிர்பதனப்பெட்டியில் ஒட்டும் காந்தம் என்று ஒரே மாதிரியான சாமான்களே வந்து நிற்கின்றன. இவற்றை வாங்கி அடுக்குவதுதான் சேகரிப்பா? உண்மையில் இல்லாத ஒரு மனிதருக்கு அசலான நினைவுப்பொருள் என்று ஒன்று இருக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். கையிலிருக்கும் தலைகளை என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

கோவைத் தலைப்பித்தர்

வணக்கம். முதலில் தலைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் அறியாமலேயே நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள்.

சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போலின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 1972-இல் நிகரகுவா வெளியிட்ட தொகுப்பு அது. காவல் அமைப்பின் விழாவுக்கு உண்மையான காவலர்களை விட்டுவிட்டுக் கதையில் வரும் துப்பறிவாளர்களின் படத்தைப் போட்ட அந்த அஞ்சல் துறையின் துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன். எல்லெரி குவீன் பெயரில் வெளிவந்த மர்மக்கதை இதழ் நடத்திய வாக்கெடுப்பின் அடிப்படையில் பன்னிரண்டு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஹோம்ஸ், ஹெர்க்யூல் பாய்ரோ, பிலிப் மார்லோ, சாம் ஸ்பேட், நீரோ வுல்ஃப், பெரி மேசன், எல்லெரி குவீன், பீட்டர் விம்ஸி பிரபு, பாதிரியார் பிரவுன், சார்லி சான், மேக்ரே, இவர்கள் எல்லோருக்கும் முன்னோடியான ஒகுஸ்த் த்யூப்பன் ஆகியோரே அவர்கள். மேக்ரேயும் சார்லி சானும் சம்பளம் வாங்கும் காவல் அதிகாரிகள், மேசன் வழக்கறிஞர், பிரவுன் பாதிரியார். எனவே, கண்டிப்பான கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு துப்பறியும் தனியார்கள் இந்தப் பன்னிருவரில் பாதிப் பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆனால் சேகரிப்பவர்கள் அந்த வேலியை அவ்வளவு இறுக்கமாகப் பார்ப்பதில்லை.

நீங்கள் 11 என்கிறீர்கள். தொகுப்பில் இருக்க வேண்டியவை 12. எவர் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். பின்புறம் நீங்கள் கண்ட ஸ்பானிஷ் பத்தி அந்தந்தத் துப்பறிவாளரைப் பற்றிய குறிப்பு. இந்தத் தொகுப்பின் உயிரே அந்த எழுத்துதான் என்பதால், பழைய வழக்கப்படி தலையைக் கிண்ணத்து நீரில் ஊறவிடும் வேலையைச் செய்துவிடாதீர்கள். ஹிஞ்ச் எனப்படும் ஒட்டுத்தாளையும் புதிதாக ஒட்டாதீர்கள். முன்னும் பின்னும் தெரியும் ஒளிபுகும் உறையில் போட்டு வைத்தால் வேண்டியபோது திருப்பிப் படிக்கலாம். இது விலை எகிறும் அரிய தொகுப்பு அன்று. விடுபட்ட ஒற்றைத் தலையை உங்கள் மாதத் தொகைக்குள்ளேயே வாங்கிவிட முடியும்.

அடுத்தபடியாக, 1979-இல் சான் மரீனோ ஐந்து துப்பறிவாளர்களுக்குத் தலை வெளியிட்டது. அதற்கும் மேலாக நான் பரிந்துரைப்பது பிரிட்டன் 1993 அக்டோபரில் வெளியிட்ட ஐந்து ஹோம்ஸ் தலைகளை. ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலே அவரை அருவியில் தள்ளிக் கொன்ற ‘கடைசிப் புதிர்’ கதை 1893 டிசம்பரில் வந்தது. அதன் நூற்றாண்டுக்காக வெளியானவை அவை. ஒவ்வொரு தலையின் ஓவியத்துக்குள்ளும் ஓர் எழுத்து ஒளிந்திருக்கிறது. ஐந்தையும் கண்டுபிடித்து வரிசைப்படுத்தினால் ஆங்கிலத்தில் டாயில் (Doyle) என்ற பெயர் கிடைக்கும். வெறும் கண்ணுக்கு இலேசில் சிக்காது. கடையில் பார்த்த உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கத்தான் வேண்டும் என்றால் இந்தத் தேவைக்காக வாங்குங்கள், அலமாரியில் அழகுக்கு வைப்பதற்காக வேண்டாம். என் மகள் நான்கு எழுத்துகளை ஒரே மாலையில் கண்டுபிடித்தாள். ஐந்தாவதற்கு அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று.

திருச்சி தாள்பிரியை

கோவை ஐயா தலைகளைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் அச்சுத்தாள்களின் பக்கம் வருகிறேன். அதற்கு முன் தொப்பி, குழாய் விஷயத்தை முடித்துவிடலாம்.

கோனன் டாயில் எழுதிய 56 சிறுகதைகளிலும் நான்கு நாவல்களிலும் அந்தக் காதுமடல் தொப்பியின் பெயர் (டீர்ஸ்டாக்கர்) ஓரிடத்தில்கூட இல்லை. ‘பாஸ்கோம் பள்ளத்தாக்கு மர்மம்’ 1891 அக்டோபரில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்தபோது, ஹோம்ஸ் தலையோடு ஒட்டிய துணித்தொப்பி அணிந்திருந்ததாக மட்டுமே ஆசிரியர் எழுதினார். ஓவியர் சிட்னி பேஜட்தான் அதை வேட்டைக்காரர்களின் இருபுற முனைத் தொப்பியாக வரைந்தார். மறு ஆண்டு வந்த ‘சில்வர் பிளேஸ்’ கதையில், காதுமடல் வைத்த பயணத் தொப்பி என்ற வருணனை வருகிறது. எழுத்து ஓவியத்துக்கு மிக நெருங்கி வந்த இடம் அதுதான். குழாயின் கதை இன்னும் வேடிக்கையானது. கதைகளில் ஹோம்ஸ் களிமண் குழாயிலும், பிரையர் கட்டைக் குழாயிலும், செர்ரி மரக் குழாயிலும் புகைக்கிறார். சுரைக்குடுக்கையால் செய்த, பெரிய வாய் கொண்ட அந்த வளைந்த குழாய் கதைகளில் இல்லவே இல்லை. பிற்காலச் சித்தரிப்புகள் கொடுத்தது அது. ஆகவே, இணையக் கடையில் விற்பது ஹோம்ஸின் தொப்பியும் குழாயும் அல்ல. அவருடைய பிம்பத்தின் தொப்பியும் குழாயும். பிம்பத்தையும் சேர்க்கலாம், தவறில்லை. எதைச் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் முக்கியமான வினாவுக்கு வருகிறேன். இல்லாத மனிதருக்கு அசலான பொருள் என்றால், அவர் முதன்முதலில் வாசகரின் கைக்கு வந்த தாள்தான் அசல் என்பது என் கருத்து. அந்த வரிசையின் உச்சி நம் கைக்கு எட்டாது. ஹோம்ஸ் அறிமுகமான நாவல் 1887-இல் பீட்டன் கிறிஸ்துமஸ் ஆண்டு மலரில் வந்தது. முழு உரிமைக்கும் சேர்த்துக் கோனன் டாயிலுக்குக் கிடைத்தது 25 பவுண்டு; மலரின் விலை ஒரு ஷில்லிங். படித்துவிட்டுத் தூக்கிப்போடும் மலர் என்பதால் இன்று மிஞ்சியிருப்பவை சில டஜன் பிரதிகள் மட்டுமே. 2007-இல் சோத்பி ஏலத்தில் ஒரு பிரதி 1,56,000 டாலருக்குப் போனது. நகற்பதிப்புகள் பல வந்துள்ளன. எவராவது ‘அசல் பீட்டன்’ என்று மலிவு விலை சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

நமக்கு எட்டக்கூடியது ஸ்ட்ராண்ட். ஜார்ஜ் நியூன்ஸ் 1891 ஜனவரியில் தொடங்கிய இந்த மாத இதழின் விலை ஆறு பென்ஸ், விற்பனையோ இலட்சக்கணக்கில். அதே ஆண்டு ஜூலையில் முதல் ஹோம்ஸ் சிறுகதை வெளிவந்தது. ஆறு மாத இதழ்களை ஒன்றாகக் கட்டி, வெளிர்நீலத் துணி அட்டையில் பதிப்பாளரே தொகுதியாக விற்றார். அப்படி விற்ற தொகுதிகள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருப்பதால் இன்றும் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. புத்தகத்தின் விலையைவிட அஞ்சல் செலவுதான் கழுத்தை நெரிக்கும். ஒவ்வொன்றும் செங்கல் கனம். இரண்டாம், மூன்றாம் தொகுதிகளில் முதல் பன்னிரண்டு சிறுகதைகள் அடங்கிவிடும். ‘பாஸ்கர்வில் நாய்’ நாவல் தொடராக வந்தவை 22, 23 ஆகிய தொகுதிகள். கட்டும்போது மேலட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் பெரும்பாலும் கழற்றி எறிந்துவிட்டார்கள் என்பது ஒரு குறை. நீல அட்டையும் சோப்பு விளம்பரமும் கெடாமல் இருக்கும் தனி இதழ்களுக்கு அதனால்தான் விலை பல மடங்கு.

நான் ஐந்தாம் தொகுதியைத் தேடி வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 1893 ஜனவரி இதழில் ‘அட்டைப்பெட்டி’ என்ற கதை வந்தது. உப்பில் பதப்படுத்திய இரண்டு மனிதக் காதுகள் ஒரு பெண்ணுக்கு அஞ்சலில் வந்து சேரும் கதை. அதே ஆண்டின் கதைகள் நூலாக வந்தபோது கோனன் டாயில் இந்தக் கதையை விலக்கிவிட்டார். ஆனால் அதன் தொடக்கத்தில், நண்பர் வாட்சனின் சிந்தனையோட்டத்தை அவர் வாய் திறப்பதற்கு முன்பே ஹோம்ஸ் படித்துச் சொல்லும் அருமையான பகுதி ஒன்று இருக்கிறது. அதை வீணாக்க மனமில்லாமல், ‘வீட்டோடு தங்கிய நோயாளி’ என்ற வேறு கதையின் முகப்பில் கொண்டுபோய் ஒட்டினார்கள். பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் அந்தப் பகுதி இரண்டு கதைகளிலும் வரும். படிப்பவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்துக்கொள்வார்கள். ஐந்தாம் தொகுதியில் முதல் கதையையும், ஆறாம் தொகுதியில் 1893 ஆகஸ்டில் வந்த இரண்டாம் கதையையும் அருகருகே விரித்து வைத்தால், அந்தப் பகுதி முதலில் எங்கே இருந்தது என்பது கண் முன்னே தெரியும். ஒரு தாளைச் சேர்ப்பதில் இதைவிட என்ன இன்பம் இருக்கிறது?

ஆனால் எனக்கு வந்த ஐந்தாம் தொகுதியில் அந்த இன்பம் பாதிதான் கிடைத்தது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் ‘முழுமையானது’ என்று எழுதியிருந்ததை நம்பிப் பணம் அனுப்பினேன். பெட்டியைப் பிரித்து, ஜனவரிப் பக்கங்களைப் புரட்டினேன். பேஜட்டின் படங்கள் இருந்த தாள்கள் முதுகுத் தையலோடு ஒட்டி, ஒரு விரற்கடை மீதம் வைத்து, பிளேடால் நேர்த்தியாக அறுக்கப்பட்டிருந்தன. படங்களைத் தனித்தனியே சட்டமிட்டு விற்றால் முழுத் தொகுதியைவிட அதிகம் கிடைக்கும் என்பதால் இந்தக் கசாப்பு நடக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு விலையை மிஞ்சியதால் அப்படியே வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து, எந்தத் தொகுதியானாலும் ஹோம்ஸ் கதைகள் வரும் பக்கங்களின் எண்களைக் குறிப்பிட்டு, அவை அனைத்தையும் ஒளிப்படம் எடுத்து அனுப்பச் சொன்ன பிறகுதான் பணம் கட்டுகிறேன். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்குவதில்லை. சட்டமிட்ட ஒற்றைப் படத்தை வாங்குவதும் இல்லை. அதை வாங்குகிறவர் இருக்கும் வரையில் அறுப்பவரும் இருப்பார்.

செலவு குறைந்த இன்னொன்று சிகரெட் அட்டை. 1923-இல் டர்ஃப் சிகரெட் பெட்டிகளுக்குள் கோனன் டாயிலின் பாத்திரங்கள் 25 அட்டைகளாக வந்தன. ஹோம்ஸ் கதைகளோடு அவருடைய மற்ற நூல்களின் ஆட்களும் அதில் இருக்கிறார்கள். பிற்கால மறுஅச்சுகளும் உலவுகின்றன. வாங்கும்போது எந்த ஆண்டு அச்சு என்று வெளிப்படையாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மந்தைவெளி வாசகன்

இருவருக்கும் மிக்க நன்றி. பிளேடால் அறுத்த பக்கங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கே வலித்தது. ஒரு துணைக்கேள்வி. முதல் அச்சுத்தாள்தான் அசல் என்றால், அச்சுக்கு வெளியே உள்ளவை எல்லாம் வெறும் கடைச்சரக்குதானா?

மதுரை மேலமாசி வீதி

திருச்சி அம்மையாரின் அளவுகோலை மதிக்கிறேன். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் மிகச் சுவையான ஒரு வகை கை நழுவிவிடும். கற்பனை மனிதரை மெய்யான மனிதராகவே பாவித்து உலகம் நடந்துகொண்ட தருணங்கள் இருக்கின்றனவே, அவற்றின் தடயங்களைச் சொல்கிறேன்.

1986-இல் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஏரோகிராம் ஒன்றை வாங்கி, ‘திரு. ஷெர்லாக் ஹோம்ஸ், 221பி, பேக்கர் தெரு, லண்டன்’ என்று முகவரி எழுதி, எங்கள் தெருவில் காணாமல்போன ஒரு மிதிவண்டியைப் பற்றிய விவரங்களையெல்லாம் நுணுக்கி எழுதி அனுப்பினேன். அண்ணன் கேலி செய்தான். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பதில் வந்தது. தட்டச்சு செய்த சிறிய கடிதம். ஹோம்ஸ் ஓய்வு பெற்று, சசெக்ஸில் தேனீ வளர்ப்பதாகவும், வழக்குகளை இப்போது ஏற்பதில்லை என்றும் அவருடைய செயலாளர் தெரிவித்திருந்தார். கதைகள் எழுதப்பட்ட காலத்தில் அந்தத் தெருவில் 221 என்ற எண்ணே கிடையாது; பிறகு எண்களை மாற்றியமைத்தபோது, 1932-இல் அங்கே கட்டடம் எழுப்பிய வீட்டுக்கடன் சங்கத்தின் வளாகத்துக்குள் அந்த எண் விழுந்தது. ஹோம்ஸ் பெயருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுவதற்கென்றே, பின்னாளில் அபே நேஷனல் என்று பெயர் பெற்ற அந்தச் சங்கம் ஒருவரை அமர்த்தியிருந்தது. 1990-இல் அதே தெருவில் ஹோம்ஸ் அருங்காட்சியகம் தொடங்கியபின், கடிதங்கள் எவருக்குச் சேர வேண்டும் என்று இரு தரப்புக்கும் நீண்ட பிணக்கு நடந்தது. என்னிடம் உள்ள அந்தத் தாளுக்குச் சந்தையில் என்ன விலை என்று நான் கேட்டதில்லை. இல்லாத முகவரிக்குப் போன கடிதத்துக்கு வந்த மெய்யான பதில் அது. அதை அசல் அல்ல என்று எப்படிச் சொல்வது? மிதிவண்டி கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வகையில் எளிதாகச் சேர்க்கக் கூடியவை இன்னும் உண்டு. 1975 ஆகஸ்ட் 6 நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், ஹெர்க்யூல் பாய்ரோவின் மரணச் செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டது. அவர் இறக்கும் நாவல் கடைக்கு வரவிருந்த நேரம் அது. உண்மையான மனிதருக்கு எழுதுவதைப் போலவே, பெல்ஜியத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற துப்பறிவாளர் காலமானார் என்று எழுதினார்கள். அந்த நாளின் முழு நாளிதழ் கிடைத்தால் விடாதீர்கள். தனியே வெட்டியெடுத்த செய்தித்துண்டுக்கும், பின்னாளில் அச்சிட்ட படிக்கும் அந்த மதிப்பு இல்லை. சுற்றிலும் அன்றைய மெய்யான செய்திகள் இருக்க, நடுவில் பாய்ரோ செத்துக்கிடப்பதில்தான் வேடிக்கை.

கல்வெட்டுகளும் அப்படித்தான். சான் பிரான்சிஸ்கோவில் பரிட் என்ற சந்தின் முகப்பில், சாம் ஸ்பேடின் கூட்டாளி மைல்ஸ் ஆர்ச்சர் ஏறத்தாழ இந்த இடத்தில்தான் கொல்லப்பட்டார் என்று பித்தளைப் பட்டயம் பதித்திருக்கிறார்கள். கொன்றவரின் பெயரையும் போட்டுவிட்டதால், கதையைப் படிக்காமல் அந்தப் பக்கம் போனால் புதிர் உடைந்துவிடும். சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியருகே, 1891 மே 4 அன்று ஹோம்ஸ் தம் எதிரி மொரியார்ட்டியை வீழ்த்திய இடம் என்று கல் பதித்திருக்கிறார்கள். போக முடியாதவர்கள் இவற்றின் அஞ்சலட்டைகளைச் சேர்க்கிறார்கள். நானும் அந்த ரகந்தான்.

ஸ்பேட் பெயரை எடுத்துவிட்டதால் கழுகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும் (கழுகு என்பது நம் வாய்வழக்கு, உண்மையில் அது வல்லூறு). ஸ்பேட் துப்பறியும் கதையை வைத்து 1941-இல் வந்த ‘மால்டீஸ் ஃபால்கன்’ படத்துக்காகச் செய்த ஈயச்சிலை ஒன்று 2013 நவம்பரில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 40 இலட்சம் டாலருக்கு மேல் விலை போனது. எடை 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ. கதையின்படி, பொன்னும் மணியும் பதித்ததாக நம்பி எல்லோரும் கொலை வரைக்கும் போகும் அந்தப் பறவையைக் கடைசியில் சுரண்டிப் பார்த்தால் ஈயம், போலி. கதையில் போலி என்று தெரிந்த கணத்தில் மதிப்பிழந்த அதே ஈயத்துக்குத்தான் ஏலக்கூடத்தில் இந்த விலை. 2007 பிப்ரவரியில், சான் பிரான்சிஸ்கோவின் ஜான்ஸ் கிரில் உணவகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருந்த பறவைச் சிலையைத் திருடிக்கொண்டு போனார்கள். உணவகம் 25,000 டாலர் பரிசு அறிவித்தது. களவு போவதற்கென்றே படைக்கப்பட்ட பறவை போலிருக்கிறது. ஆகவே, பிசினில் வார்த்த ஆயிரம் ரூபாய்ப் பறவையை உங்கள் மேசையில் வைத்தால் அதை நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். கதையின் நியாயப்படி போலிதான் அசல்!

சேலம் பைண்டுக்காரர்

மேலே உள்ளவர்கள் லண்டனையும் சான் பிரான்சிஸ்கோவையும் சுற்றிக் காட்டிவிட்டார்கள். மந்தைவெளியில் இருப்பவருக்கு மாதம் 2,000 ரூபாய்தான் என்றால், அதில் பாதியைப் பழைய புத்தகக் கடையில் தமிழுக்கே செலவிடச் சொல்வேன்.

ஸ்ட்ராண்ட் இதழ்களைக் கட்டி வைத்ததைப் பற்றித் திருச்சி அம்மா எழுதியதைப் படித்தபோது, எங்கள் பாட்டி வீட்டு இரும்புப் பெட்டி நினைவுக்கு வந்தது. வார இதழில் வரும் தொடரை வாராவாரம் கிழித்து, பின் அடித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு போடும் வழக்கம் நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாக இருந்தது! ஸ்ட்ராண்ட் தொகுதிக்குப் பதிப்பாளர் துணி அட்டை போட்டார். நம் தொகுதிக்குத் தெருமுனை பைண்டர் காலிகோத் துணியும் பழைய நாட்காட்டி அட்டையும் போட்டார். நம்முடையதில் ஒரு கூடுதல் இலாபம் உண்டு. தொடரின் மறுபக்கத்தில் அகப்பட்ட துணுக்கும், பல்பொடி விளம்பரமும், பாதியில் அறுந்த சமையல் குறிப்பும் அப்படியே காலத்தைச் சுமந்து நிற்கும். சுஜாதாவின் கணேஷ்–வசந்த் தொடர்களை ஜெயராஜின் ஓவியங்களோடு இப்படிக் கட்டிய தொகுதிகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. அவர்கள் வழக்கறிஞர்கள்தாம், கோவைக்காரர் பெரி மேசனுக்குக் கொடுத்த சலுகையை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும். பிறகு வந்த நூல் பதிப்புகளில் ஓவியங்கள் பெரும்பாலும் இல்லை என்பதால், ஜெயராஜின் வசந்தைப் பார்க்க வேண்டுமானால் பைண்டுதான் கதி.

கண்டிப்பான தனியார் துப்பறிவாளர்தான் வேண்டும் என்றால், தமிழ்வாணனின் சங்கர்லாலில் தொடங்குங்கள். தேநீர் குடித்தே வழக்கை முடிக்கும் மனிதர். ஆசிரியரே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நடமாடியதால், பாத்திரத்தின் அடையாளம் எது, ஆசிரியரின் அடையாளம் எது என்று பிரிப்பது கடினம். ஹோம்ஸின் தொப்பியை ஓவியர் கொடுத்தார் என்றால் இங்கே எழுத்தாளரே போட்டுக்கொண்டார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா நடத்தும் மூன்லைட் நிறுவனம், சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி பணியாற்றும் ஈகிள்ஸ் ஐ நிறுவனம் ஆகியவை மாத நாவல்களின் பொற்காலத்தைச் சேர்ந்தவை. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய அந்த நாவல்களைப் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுச்செல்வார்கள். பீட்டன் மலருக்கு நேர்ந்த கதி இவற்றுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது; எடைக்குப் போவதற்கு முன் எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் கதை மறுபதிப்பில் கிடைத்துவிடும். கதைக்குச் சம்பந்தமே இல்லாத நடிகையின் படம் போட்ட அந்த முதல் அட்டை கிடைக்காது.

சித்திரக்கதைப் பக்கம் ஆர்வம் இருந்தால், சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் இருக்கிறது. அலெக்ஸ் ரேமண்ட் 1946-இல் படைத்த ரிப் கிர்பி என்ற மூக்குக்கண்ணாடி போட்ட தனியார் துப்பறிவாளர் தமிழ்ச் சிறுவர்கள் பலருக்கு அறிமுகமானது அங்கேதான். முன்னாள் திருடனான டெஸ்மாண்டைத் தன் வீட்டு உதவியாளராக வைத்துக்கொண்டிருப்பவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை. பழைய முத்து இதழ்களுக்கு இப்போது சேகரிப்பாளர்களிடையே கடும் போட்டி. அட்டை இல்லாத பிரதியானால் விலை சட்டென்று இறங்கும். படிப்பதற்காக என்றால் அதையே வாங்குங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. எவரும் அதைத் தொடவில்லையே! சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்ட்ராண்ட் இதழானாலும் சங்கர்லாலானாலும் ஒன்றுதான். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரையொட்டி அலமாரியை வைக்காதீர்கள். சுவருக்கும் அலமாரிக்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். இராமபாணப் பூச்சி பசையைத் தேடித்தான் வரும். கோதுமைப் பசை போட்ட பழைய பைண்டுகளின் முதுகுதான் அதற்கு விருந்து. மாதம் ஒரு முறை ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து விசிறிப் புரட்டி வைப்பதற்கு ஈடான மருந்து இல்லை. வசம்பு, வேப்பிலை வைப்பவர்கள் துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள். தாளுக்குள் செருகினால் கறை பிடிக்கும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து ஆண்டில் பசை பழுப்பாக ஊறி எழுத்தையே மறைத்துவிடும். லேமினேஷன் என்ற சொல்லையே காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மதுரை நண்பர் சொன்ன நாளிதழைப் போன்ற செய்தித்தாள்கள் மரக்கூழின் அமிலத்தால் தாமாகவே பழுத்து நொறுங்கும். அவற்றை மடிக்காமல், வெளிச்சம் படாமல், அமிலமில்லாத தாளுறையில் கிடத்தி வையுங்கள். வரவேற்பறையில் வெயில் விழும் சுவரில் சட்டமிட்டு மாட்டினால், மாட்டிய நாளிலிருந்து அது கரையத் தொடங்கும்.

மந்தைவெளி வாசகன்

இத்தனை பேர் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதத் தொகைக்கு 1993-இன் ஐந்து பிரிட்டன் தலைகளுக்கும், இரண்டு பரத்–சுசீலா மாத நாவல்களுக்கும் சொல்லி வைத்துவிட்டேன். ஸ்ட்ராண்ட் ஐந்தாம் தொகுதிக்கு இரண்டு விற்பனையாளர்களிடம் பக்க எண்களைக் குறிப்பிட்டு ஒளிப்படம் கேட்டேன். ஒருவர் உடனே அனுப்பினார். மற்றவர் இதுவரை பதில் எழுதவில்லை. காரணம் எனக்குப் புரிந்துவிட்டது.

கோவை ஐயா கேட்டபடி நிகரகுவாப் பக்கத்தை மீண்டும் எடுத்து, பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இல்லாதவர் ஹெர்க்யூல் பாய்ரோ. அவருக்குரிய இடம் காலியாக இருக்கிறது. பழைய ஹிஞ்ச் துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே, முன்பு நான் கவனிக்காத பென்சில் எழுத்தில், மாமாவின் கையெழுத்து: ‘கடன் – விழுப்புரம் நண்பர் – 3.4.78’. அத்தையிடம் கேட்டேன். விழுப்புரத்தில் மாமாவுக்கு நண்பர் எவரும் இருந்ததாகத் தமக்கு நினைவில்லை என்கிறார். பன்னிரண்டாவது தலையை விலைக்கு வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். மாமாவின் பழைய முகவரிப் புத்தகம் சின்ன அத்தை வீட்டில் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.